எருக்கிலைப் பச்சை

புடவைக் கடையில் நிற அட்டை கிடையாது. கிளிப்பச்சை, ராமர் பச்சை, பாசிப்பச்சை, மயில்கழுத்து என்று சொன்னால் போதும். விற்பவர் மனத்திலும் வாங்குபவர் மனத்திலும் ஒரே நிறம்தான் எழும். வெங்காயத் தோல், மாம்பழ மஞ்சள், யானைக் கலர் என்று கண்ணால் கண்ட பொருளின் பெயராலேயே நிறத்தைச் சொல்லிப் பழகியவர்கள் நாம்.

பெயிண்ட் கடையில் அந்த வசதி இல்லை. அங்கே சுவர் முழுக்கச் சின்னச் சின்ன அட்டைகள். பச்சை வரிசையில் மட்டுமே நின்று பார்த்தாலும் தலை சுற்றும். சேஜ், யூகலிப்டஸ், ஆலிவ், செலடான் என்று நம் அடுப்படியிலும் தொட்டிச் செடிகளிலும் இல்லாத பெயர்கள். உற்றுப் பார்த்தால் இந்த நான்கும் ஒரே குடும்பம்: பச்சையோடு கொஞ்சம் சாம்பல், நிறைய வெள்ளை. அண்மைக் காலத்தில் நான் போன புதுமனை புகுவிழாக்களில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு சுவரில் இந்த நிறத்தைப் பார்த்துவிட்டேன். பார்க்கும்போது எளிமையான நிறம். தேர்ந்தெடுக்கப் போனால் இதைவிடக் குழப்பமான நிறம் வேறில்லை.

தீபாவளிக்கு முன் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கலாமா என்று யோசிக்கும் குடும்பங்களுக்கும், வீவக வீட்டுச் சாவியை இப்போதுதான் கையில் வாங்கியிருக்கும் இளம் தம்பதியருக்கும் பயன்படட்டும் என்று, எங்கள் வீட்டில் சில மாதங்கள் நடந்த ஆராய்ச்சியை இங்கே எழுதுகிறேன்.

சாம்பலும் பச்சையும் சேர்ந்தால்

பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் மிக எளிதாக உணர்வது ஏறத்தாழ 555 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட ஒளியை. அது மஞ்சள் சாயல் கொண்ட பச்சை. சிவப்பின் எதிர்நிறமும் பச்சைதான். சிவப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தால் பச்சையான நிழலுரு ஒன்று மிதக்கும். அறுவை சிகிச்சை மருத்துவர்களுக்கு இது பெரிய தொல்லை. 1914இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஹாரி ஷெர்மன் என்ற மருத்துவர் தம் அறுவைக்கூடத்தின் கண்கூசும் வெள்ளையை மாற்றிப் பச்சையாக்கினார். மருத்துவமனைப் பச்சைக்கு அப்படி ஒரு காரணம் உண்டு. நம் வரவேற்பறை மருத்துவமனையாகிவிடுமோ என்ற அச்சத்துக்கும் அதுதான் காரணம். அந்த அச்சம் நியாயமானதே. விளக்கைப் பற்றிப் பேசும்போது அதற்கு வருகிறேன்.

ஆசியாவில் இந்த நிறத்துக்கு இன்னும் பழைய வரலாறு இருக்கிறது. சீனக் குயவர்கள் மெருகில் சிறிதளவு இரும்பைச் சேர்த்து, உயிர்வளி குறைவாக இருக்கும்படி சூளையை எரித்து, சாம்பல் படர்ந்த பச்சைக் கலங்களைச் செய்தார்கள். அதைத்தான் மேற்கில் செலடான் என்றார்கள். ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் நடந்த அகழாய்விலும் சீனச் செலடான் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. அந்த நிறம் நம் கரையிலும் இறங்கியிருக்கிறது.

நேரில் பார்க்க எம்பிரஸ் பிளேசில் உள்ள ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்குப் போகலாம். 1998இல் பெலித்துங் தீவுக்கு அருகே கண்டெடுக்கப்பட்ட 9ஆம் நூற்றாண்டுக் கப்பலின் சரக்கு அங்கே இருக்கிறது. கப்பலில் கிடைத்த 60,000க்கும் மேற்பட்ட கலங்களில் பெரும்பாலானவை சாங்ஷா கிண்ணங்கள். அவற்றோடு யுவே சூளைகளின் பச்சைக் கலங்களும் வந்தன. பெயிண்ட் வாங்குவதற்கு முன் அங்கே ஒரு நடை போய் வருவது வீண்போகாது. ஒரே கலம் விளக்கு விழும் பக்கத்தில் பச்சையாகவும் நிழல் விழும் பக்கத்தில் சாம்பலாகவும் தெரியும். நாளை நம் சுவரும் அதைத்தான் செய்யப் போகிறது.

"இழவு வீடு மாதிரி இருக்கு"

நானும் கணவரும் தோ பாயோவில் வாங்கியது மறுவிற்பனை நாலறை வீடு. மூன்றாவது மாடி. அப்பா காலமான பிறகு ஈசூனில் தனியாக இருந்த அம்மா எங்களோடு வந்து தங்குவதாக ஏற்பாடு. முப்பது ஆண்டுகள் வாழ்ந்த வீட்டை விட்டுவிட்டு வருகிறவர். அவருக்கும் பிடித்த வீடாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஒரே கவலை. சுவர் நிறத்தில் இவ்வளவு நாள் செலவானதும் அதனால்தான்.

பெயிண்ட் அட்டையை அம்மாவிடம் காட்டினேன்.

"சாம்பல் கலரை யாராச்சும் வீட்டுக்கு அடிப்பாங்களா? இழவு வீடு மாதிரி இருக்கு."

"சாம்பல் இல்லம்மா, பச்சை."

"எங்கடி பச்சை? எனக்குத் தெரியல."

"சரி, சாம்பல்னே வச்சுக்குங்க. திருநீறும் சாம்பல்தானே?"

"அது நெத்தியில இருக்கணும். செவுத்துல இல்ல."

இதற்கு மேல் வாதாட என்னிடம் சொல் இல்லை. வானொலியில் நிறத்தைச் சொல்லால்தான் காட்ட வேண்டும். அது எனக்குப் பழகிய வேலை. ஆனால் அப்பா இல்லாத வீட்டில் சாம்பல் நிறத்தை வேண்டாம் என்று சொல்லும் அம்மாவிடம் எந்தச் சொல்லும் எடுபடாது. அவர் கேட்டது மாம்பழ மஞ்சள். ஈசூன் வீட்டுக் கூடம் அந்த நிறத்தில்தான் இருந்தது. அப்பா தம் கையால் அடித்தது.

நாங்கள் ஒரு முடிவுக்கு வந்தோம். வீடு முழுக்க முதலில் வெள்ளை சீலர் மட்டும் அடித்துக்கொண்டு குடிபோவது. கூடத்துச் சுவர் காத்திருக்கட்டும். அதற்குள் வெளிச்சத்தைப் படிப்போம்.

நம் ஊர் வெயிலுக்கு வேறு கணக்கு

உட்புற அலங்காரம் பற்றிய புத்தகங்களும் காணொளிகளும் பெரும்பாலும் லண்டனிலோ நியூயார்க்கிலோ இருந்து வருகின்றன. வடக்கு பார்த்த அறை குளிர்ச்சியானது, அங்கே நீலம் கலந்த நிறம் வேண்டாம். தெற்கு பார்த்த அறையில் வெயில் நிறைய வரும், எதையும் அடிக்கலாம் என்று அவை சொல்லும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 137 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. இங்கே சூரியன் ஜூனில் வடக்கே சாய்ந்து போகும், டிசம்பரில் தெற்கே சாய்ந்து போகும். மார்ச், செப்டம்பரில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல். ஆகவே வடக்கும் தெற்கும் நமக்குப் பெரிய பகையில்லை. நாம் பார்க்க வேண்டியது கிழக்கும் மேற்கும்.

மேற்குச் சன்னல் உள்ள கூடத்தில் மாலை 5 மணிக்கு வரும் வெயில் மஞ்சளானது. அதில் சாம்பல் பச்சை வெதுவெதுப்பாகி, காய்ந்த இலை நிறத்துக்குப் போகும். மஞ்சள் சாயல் ஏற்கெனவே அதிகம் உள்ள பச்சையை அங்கே அடித்தால் சுவர் காக்கிச் சட்டை ஆகிவிடும். கிழக்குச் சன்னலில் காலையில் இதே நாடகம். ஆனால் பிற்பகலில் அந்த அறை மங்கி, நிறத்திலுள்ள சாம்பல் தூக்கலாகும். பொது நடைபாதையைப் பார்த்த அறைகளுக்கு நேர்வெயிலே வராது. அங்கே பச்சை அளவு கூடுதலாகவும் சாம்பல் குறைவாகவும் உள்ள அட்டையை எடுப்பது நல்லது.

நேரே விழும் வெயிலைப் போலவே, எதன்மேலாவது பட்டு வரும் ஒளியும் முக்கியம். எங்கள் சன்னலுக்கு வெளியே ஒரு தூங்குமூஞ்சி மரம் கிளை பரப்பி நிற்கிறது. மூன்றாவது மாடிக்கு வரும் வெளிச்சத்தில் பாதி அதன் இலைகளைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறது. வெள்ளைச் சுவரே எங்கள் வீட்டில் லேசாகப் பச்சை தட்டும். அத்தகைய வீட்டில் பச்சையை அடித்தால் பச்சை இரட்டிப்பாகும். அதே புளோக்கின் 12ஆவது மாடியில் மரமே தெரியாது, வானம்தான். அங்கே அதே பெயிண்ட் நீலம் கலந்து தெரியும். எதிர் புளோக்கின் சுவர் செங்கல் நிறமாக இருந்தால் அது ஒரு கதை. பக்கத்து வீட்டில் பார்த்த நிறத்தின் எண்ணை வாங்கிவந்து அப்படியே அடித்தவர்கள் "கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார்" என்று குறைபடுவதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

இந்த நிறத்துக்கு ஏன் இவ்வளவு சஞ்சலம் என்று கேட்கலாம். கிளிப்பச்சை அசையாது. எந்த விளக்கிலும் அது கிளிப்பச்சைதான். ஏனென்றால் அதில் நிறச் செறிவு அதிகம். சாம்பல் கலந்த நிறத்தில் செறிவு குறைவு. ஒளியில் சிறிது மஞ்சள் இருந்தால் மஞ்சள், சிறிது நீலம் இருந்தால் நீலம் என்று வந்த விருந்தாளியின் பக்கமெல்லாம் அது சாய்ந்துவிடும்.

விளக்கை முதலில் முடிவு செய்யுங்கள்

பகலில் வேலை, பள்ளி என்று வெளியே போய்விடும் குடும்பங்கள் தங்கள் சுவரை அதிகம் பார்ப்பது இரவு விளக்கில்தான். எல்இடி விளக்குப் பெட்டியில் 3000கே, 4000கே, 6500கே என்று ஓர் எண் இருக்கும். எண் கூடக் கூட ஒளி மஞ்சளிலிருந்து நீலத்துக்கு நகரும்.

நம் வீடுகளில் நெடுங்காலமாக இருப்பது 6500கே வெள்ளை. குழல்விளக்குக் காலத்துப் பழக்கம். அந்த ஒளியில் நீலச் சாயல் கொண்ட சாம்பல் பச்சைச் சுவர் அறுவைக்கூடத்தை நினைவூட்டினால் குற்றம் பெயிண்டுடையது அல்ல. 3000கே ஒளியில் அதே சுவர் தளர்ந்து, ஆலிவ் பக்கம் போய், உட்கார அழைக்கும். ஆனால் பிள்ளைகள் கூடத்து மேசையில்தான் வீட்டுப்பாடம் செய்கிறார்கள், அம்மா அங்கேதான் கீரை ஆய்கிறார் என்றால் 3000கே போதாது என்று தோன்றும். நாங்கள் கூரை விளக்குக்கு 4000கேயும் சோபா அருகே உள்ள நிற்கும் விளக்குக்கு 3000கேயும் வைத்தோம். எதை வைத்தாலும், விளக்கை மாட்டிய பிறகு நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். நிறத்தை அடித்துவிட்டு விளக்கு வாங்கினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

மாதிரிப் பலகை

தீப்பெட்டி அளவு அட்டையை வைத்து 30 சதுர மீட்டர் சுவரை முடிவு செய்ய முடியாது. சுவர்கள் ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன. ஒரு சுவரில் பட்ட ஒளி எதிர்ச்சுவரில் பட்டு மறுபடி இங்கே வரும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பச்சையை ஏற்றிக்கொண்டு வரும். அதனால் அட்டையில் அழகாக இருந்த பச்சை அறையில் அடர்ந்து தெரியும். நீங்கள் ஆசைப்படுவதைவிட ஒரு படி சாம்பல் கூடுதலாக உள்ளதை எடுங்கள் என்று அனுபவமுள்ள பெயிண்டர்கள் சொல்வது இதனால்தான்.

செய்ய வேண்டியது இவ்வளவே. சிறு மாதிரிப் புட்டியோ, அது கிடைக்காவிட்டால் 1 லிட்டர் டப்பாவோ வாங்குங்கள். ஓர் அடிக்கு இரண்டு அடி வெள்ளைப் பலகையில் ஓரத்தில் இரண்டு விரற்கடை வெள்ளை விட்டு, இரண்டு பூச்சு அடியுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு பாருங்கள். ஈரத்தில் தெரிவது சரியான நிறம் இல்லை. பலகையைத் தரையில் கிடத்தாமல் சுவரில் சாய்த்து வையுங்கள். காலை 7, மதியம் 1, மாலை 5, இரவு 9 என்று நான்கு வேளை, நான்கு சுவர்களிலும். இடையில் ஒரு நாளாவது மழை பெய்ய வேண்டும்; சிங்கப்பூரில் அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. பழைய நிறமுள்ள சுவரின்மேல் நேராக மாதிரி அடித்துப் பார்க்காதீர்கள். பக்கத்து நிறம் கண்ணை ஏமாற்றும்.

இந்த ஏமாற்றைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே உண்டு. பாரிஸ் நகரின் கோபெலின் நெசவாலையில் சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலாளர் மிஷேல் செவ்ரோல், சாயம் மங்கலாக இருக்கிறது என்று வந்த புகார்களை ஆராய்ந்தார். கறுப்பு நூலின் சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் வைத்து நெய்த நூலின் நிறம்தான் அதை மங்கலாக்கிக் காட்டுகிறது என்று கண்டு 1839இல் அதை நூலாக வெளியிட்டார். புடவைக்குக் கரை தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. எங்கள் வீட்டுத் தரை பழைய செம்பழுப்பு ஓடு. அதன் அருகே மங்கலான பச்சையும் பச்சையாகவே தெரிந்தது. புதிய பிடிஓ வீடுகளில் சாம்பல் தரை இருந்தால், சாம்பல் மிகுந்த சுவர் அதோடு சேர்ந்து தூங்கிவிடும். சோபாவின் துணி, திரைச்சீலை, தரையின் ஒரு துண்டு ஆகியவற்றைப் பலகையருகே வைத்துப் பாருங்கள். பித்தளைக் குத்துவிளக்கையும் வையுங்கள். பித்தளைக்கும் குங்குமத்துக்கும் தேக்கு மரத்துக்கும் இந்த நிறம் தரும் இடம் வெள்ளைச் சுவர் தராது.

அட்டையில் ஒரு நிறத்தின் உள்சாயல் பிடிபடவில்லை என்றால் அதே வரிசையின் அடியிலுள்ள அடர்ந்த நிறத்தைப் பாருங்கள். மேலே மறைந்திருக்கும் மஞ்சளோ நீலமோ அங்கே அப்பட்டமாகத் தெரியும்.

அம்மாவின் இரண்டு கண்கள்

எங்கள் பலகை கூடத்தில் சாய்ந்திருந்த முதல் வாரத்திலேயே ஒன்றைக் கவனித்தேன். நானும் கணவரும் "பச்சை கூடிப்போச்சு" என்று சொன்ன பலகையையும் அம்மா சாம்பல் என்றார். ஒரு மாலை, குளியலறைக் கதவின் நிலையில் அவர் தோளை இடித்துக்கொண்டார். வெள்ளைச் சுவர், வெள்ளை நிலை, வெள்ளைக் கதவு. அடுத்த வாரம் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போனோம். இரு கண்ணிலும் புரை என்று சொல்லி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளாகிப் பழுப்பேறும். புரை முற்றினால் பழுப்புக் கண்ணாடி போட்டுப் பார்ப்பது போல் இருக்கும். முதலில் அடிபடுவது நீலமும் நீலம் கலந்த பச்சையும்தான். நமக்கு மென்பச்சையாகத் தெரிவது அந்தக் கண்ணுக்கு வெறும் அழுக்குச் சாம்பல். அம்மா என்னோடு வாதாடியது ரசனையால் மட்டும் அல்ல. அவர் கண்ணுக்கு அங்கே பச்சை இல்லை.

ஒளியின் அளவும் குறைகிறது. 60 வயதுக் கண்ணின் விழித்திரையை எட்டும் ஒளி, 20 வயதுக் கண்ணை எட்டுவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் நிறம் பார்ப்பவர்கள் அதற்காக ஓர் எண்ணை அறிந்திருக்க வேண்டும். பெயிண்ட் அட்டையின் பின்புறத்திலோ நிறுவனத்தின் பட்டியலிலோ எல்ஆர்வி என்று இருக்கும். சுவர் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்பும் என்பதற்கான அளவு அது. கறுப்பு 0, வெள்ளை 100. ஒரே ஒரு சன்னல் உள்ள கூடத்துக்கு 60ஐ ஒட்டி எடுத்தால் அறை இருளாது. 40க்குக் கீழே போனால் பகலிலும் விளக்குப் போட வேண்டியிருக்கும்.

இரண்டாவது பயன், வேறுபாடு காட்டுவது. கட்டடங்களை எல்லாரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான பிரிட்டனின் பிஎஸ் 8300 தரவிதி, பார்வை குறைந்தவர்களுக்காகச் சுவருக்கும் கதவுக்கும் இடையே 30 எல்ஆர்வி புள்ளி வேறுபாட்டைப் பரிந்துரைக்கிறது. சுவர் 60 என்றால் கதவு நிலை 90ஐ ஒட்டிய வெள்ளையாக இருக்கலாம், அல்லது 30க்குக் கீழே அடர்ந்த மர நிறமாக இருக்கலாம். இடைப்பட்ட எதுவும் பார்வை மங்கியவருக்குச் சுவரோடு கரைந்துவிடும். சாம்பல் பச்சைச் சுவரில் வெள்ளை நிலையும் வெள்ளை விசைப்பலகையும் தெளிவாகத் தெரியும். அழகுக்காக நாங்கள் தேடிப்போன நிறத்துக்கு இப்படியொரு உபயோகம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

ஓவியர் கிளாட் மோனே 1923இல் புரை அறுவை செய்துகொண்டார். ஒரு கண்ணில் மட்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு கண்ணாலும் அவர் பார்த்த நிறம் வெவ்வேறாக இருந்தது. அம்மாவுக்கும் அதே. சில மாதம் கழித்து வலக்கண்ணில் அறுவை முடிந்து, கட்டு எடுத்து, வீட்டுக்கு வந்த சில நாளில் பலகைக்கு முன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். உள்ளங்கையால் வலக்கண்ணை மூடினார்.

"இந்தக் கண்ணுக்குச் சாம்பல்."

கையை மாற்றினார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அட, எருக்கிலை."

அம்மா மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவர். விநாயகர் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலை இல்லாமல் அவருக்குப் பூசை முடியாது. எருக்கிலையைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும். பச்சை இலைதான், மேலே திருநீறு பூசியது போல் வெண்படலம். கட்டைவிரலால் தேய்த்தால் அடியில் உள்ள பச்சை வெளிவரும். சேஜ் செடியின் இலைக்கு அந்த நிறம் வருவதும் இப்படித்தான். இலைமேல் படர்ந்த நுண்ணிய மயிர்தான் பச்சையைச் சாம்பலாக்கிக் காட்டுகிறது. பெயிண்ட் கடை எனக்குத் தராத பெயரை அம்மா தந்துவிட்டார்.

பெயர் கிடைத்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். "சாம்பல் இருக்கத்தான் செய்யுது. இன்னுங் கொஞ்சம் பச்சை கூட்டச் சொல்லு. என் ரூமுக்கு மஞ்சள்" என்று நிபந்தனையோடுதான் இறங்கி வந்தார். கூடத்துக்கு ஒரு படி பச்சை கூடிய அட்டையை எடுத்தோம். அவர் அறைக்கு மாம்பழ மஞ்சள். அப்பா அடித்த அதே நிறம். பழைய டப்பாவின் மூடியில் இருந்த எண்ணை அம்மா பத்திரமாக வைத்திருந்தார்.

எவ்வளவு, எது, எப்படி

இனிக் கணக்கு. மூன்றுக்கு மூன்றரை மீட்டர் அறை, 2.6 மீட்டர் உயரம் என்றால் சுற்றுச்சுவரின் பரப்பு ஏறத்தாழ 34 சதுர மீட்டர். கதவு, சன்னலைக் கழித்தால் 30. இரண்டு பூச்சுக்கு 60. ஒரு லிட்டர் ஒரு பூச்சில் 10 முதல் 12 சதுர மீட்டர் வரை மூடும் என்று வைத்தால் 5 முதல் 6 லிட்டர் வேண்டும். கலந்து தரும் நிறம் என்பதால் மொத்தத்தையும் ஒரே நாளில் ஒரே கலவையாக வாங்குங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் மயிரிழை வேறுபாடு வரும். சாம்பல் பச்சையில் அது கண்ணில் குத்தும்.

மேட் பூச்சு இந்த நிறத்துக்கு மிகவும் பொருந்தும். பழைய சுவரின் மேடுபள்ளங்களையும் மறைக்கும். ஆனால் கைபட்ட கறை போகாது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் கழுவக்கூடிய மேட் அல்லது லேசான மினுமினுப்புள்ள எக்‌ஷெல் நல்லது. தாளிக்கும் அடுப்புக்குப் பின்னாலும், விளக்கும் சாம்பிராணியும் ஏற்றும் பூசை இடத்திலும் துடைத்தெடுக்கக்கூடிய பூச்சு வேண்டும். பூசை மாடத்துக்கு நேர்மேலே வெளிர்நிறம் வைத்தால் ஓராண்டில் புகைத் தடம் தெரியும். குளியலறையிலும் துணி காயப்போடும் இடத்திலும் பூஞ்சை எதிர்ப்புப் பெயிண்ட். நம் ஈரப்பதத்துக்கு அது ஆடம்பரம் இல்லை.

பச்சைப் பெயிண்டுக்கு ஒரு காலத்தில் கெட்ட பெயர் இருந்தது. 1775இல் கார்ல் வில்ஹெல்ம் ஷீல உருவாக்கிய பச்சையில் ஆர்செனிக் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வீடுகளின் சுவர்த்தாள்களில் அது ஏறியது. இன்றைய பச்சைகள் வேறு நிறமிகளால் ஆனவை. இன்று நாம் பார்க்க வேண்டியது காற்றில் கலக்கும் வேதிப்பொருள்களை. சிங்கப்பூரில் 0.01 விழுக்காடோ அதற்கு மேலோ ஃபார்மல்டிஹைட் உள்ள உட்புறப் பெயிண்டுகளுக்கு 2026 ஜனவரி 1 முதல் தடை என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் அறிவித்தது. 1992இல் தொடங்கிய சிங்கப்பூர் பசுமை முத்திரைத் திட்டத்தின் சின்னம் டப்பாவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். எப்படியிருந்தாலும் கைக்குழந்தையோ இளைப்பு நோயாளியோ உள்ள வீட்டில், சில நாள் சன்னல்களைத் திறந்துவைத்து வாடை போன பிறகே அந்த அறையில் படுக்கச் சொல்லுங்கள்.

பெயிண்டர்களைத் தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் பிடிப்பது கடினம், இப்போதே பேசிவைத்துவிடுங்கள். எங்களுக்கு அடித்துக் கொடுத்தவர் அறுபதைத் தாண்டிய சீன அங்கிள். அம்மாவோடு பாசார் மலாயில் பேசிக்கொண்டே வேலை பார்த்தார். முதல் பூச்சு ஏறியதும், "வார்னா பாகுஸ், ஆன்ட்டி?" என்று கேட்டார். வண்ணத்துக்கு மலாயிலும் 'வார்னா' என்றுதான் பெயர். அம்மா சுவரைப் பார்த்தார். "இன்னும் ஒரு கை அடிக்கட்டும், அப்புறம் சொல்றேன்" என்று தமிழிலேயே பதில் சொன்னார். அவரும் புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு உருளையை நனைத்தார்.

கடைசியாக ஒரு வேலை. மிஞ்சிய பெயிண்டில் அரை லிட்டரை மூடி இறுகும் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, நிறுவனம், நிற எண், பூச்சு வகை, தேதி நான்கையும் எழுதி ஒட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். அதே நான்கையும் அலமாரிக் கதவின் உட்புறத்தில் பென்சிலால் எழுதுங்கள். நாற்காலி உரசிய தடமோ பிள்ளையின் கைவரியோ வந்தால், குடுவையை நன்றாகக் கலக்கிச் சின்னத் தூரிகையால் தொட்டுவிடலாம். பத்து ஆண்டு கழித்து அந்த நிறம் வேண்டும் என்று யாராவது கேட்டாலும் எண் இருக்கும்.